நாணயம் சுண்டும் கணக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

நிகழ்தகவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை நாணயம் சுண்டுவதைப் பற்றியவை. ஒன்றின் விடை மற்றொன்றுக்கு வழிவிடும் ஆறு கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வரிசையிலேயே இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்று தலையாகவும் மற்றொன்று பூவாகவும் விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்ற கணக்கில், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 1/3 என்று விடை எழுதியிருக்கிறாள். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று முடிவுகள்தானே இருக்கின்றன என்பது அவள் வாதம். விடைப் பகுதியில் 1/2 என்று இருக்கிறது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை என் முன்னே வைத்து, "இவற்றில் எது முதலாவது, எது இரண்டாவது என்று யாரம்மா சொல்வது?" என்று கேட்கிறாள். நான் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும்? (ஒரு தாயார், கோவில்பட்டி)

பதில்: விடைப் பகுதியில் இருப்பதே சரி. ஆனால் உங்கள் மகள் கேட்பது ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் ஏறக்குறைய இதே இடத்தில்தான் தடுமாறினார். இரண்டு முறை சுண்டுவதில் ஒரு முறையாவது தலை விழுவதற்கான வாய்ப்பு என்ன என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ என மூன்று முடிவுகளே உள்ளன. அவற்றில் இரண்டு சாதகமானவை என்பதால் விடை 2/3 என்றார். சரியான விடை 3/4. முடிவுகளை மூன்று என்று எண்ணியது குற்றமில்லை; அந்த மூன்றும் சம வாய்ப்பு உடையவை என்று கொண்டதே குற்றம். சாதகமான முடிவுகளின் எண்ணிக்கையை மொத்த முடிவுகளின் எண்ணிக்கையால் வகுக்கும் நம் பள்ளி விதி, ஒவ்வொரு முடிவும் மற்றதற்குச் சமமான வாய்ப்புடன் நிகழும்போது மட்டுமே செல்லும்.

உங்கள் மகளிடம் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் கொடுத்துச் சுண்டச் சொல்லுங்கள். இப்போது எது எது என்ற குழப்பம் இல்லை. ஒரு ரூபாய் தலை, ஐந்து ரூபாய் பூ என்பது ஒரு முடிவு. ஒரு ரூபாய் பூ, ஐந்து ரூபாய் தலை என்பது வேறொரு முடிவு. இவற்றுடன் இரண்டும் தலை, இரண்டும் பூ ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கு. நான்கில் இரண்டு, அதாவது 1/2. அடுத்து ஐந்து ரூபாயை எடுத்துவிட்டு இன்னொரு ஒரு ரூபாயை வைத்தால், நம் கண்ணுக்கு வேறுபாடு மறைகிறதே தவிர, நாணயங்கள் காற்றில் சுழலும் விதமும் தரையில் விழும் விதமும் மாறிவிடுவதில்லை. நம்ப மறுத்தால், இரண்டையும் நூறு முறை சுண்டி ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். அவள் சொல்வது சரியென்றால் ஒன்று தலை ஒன்று பூ என்ற முடிவு 33 முறையை ஒட்டி வரவேண்டும். புத்தகம் சரியென்றால் 50 முறையை ஒட்டி வரவேண்டும். இந்த இடைவெளி பெரியது. நூறு முறையிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள். ஒளித்துகள்களின் உலகில் அவளுடைய எண்ணும் முறைதான் பொருந்துகிறது. எது எது என்று கொள்கை அளவிலேயே பிரித்தறிய முடியாத இரண்டு ஒளித்துகள்கள் இரண்டு நிலைகளில் அமையும் வகைகளை மூன்று என்றே எண்ண வேண்டும். டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் சத்தியேந்திர நாத் போஸ் 1924-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படை இத்தகைய எண்ணுகைதான். நாணயங்கள் ஒளித்துகள்கள் அல்ல என்பதால் தேர்வில் 1/2 என்றே எழுத வேண்டும்.

கேள்வி: மூன்று நாணயங்கள், நான்கு நாணயங்கள் என்று வரும்போது கூறுவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லா முடிவுகளின் பட்டியலை, எழுதுவதிலேயே சில முடிவுகளை விட்டுவிடுகிறேன். "குறைந்தபட்சம் இரண்டு தலைகள்", "அதிகபட்சம் இரண்டு தலைகள்" ஆகியவையும் குழப்புகின்றன. எளிய வழி உண்டா? (பத்தாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி)

பதில்: உண்டு; அதை நீங்கள் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். நேர், நிரை என்ற இரண்டே அசைகளைக் கொண்டு ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று யாப்பிலக்கணம் வகுக்கிறது அல்லவா? தலையை நேர் என்றும் பூவை நிரை என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு நாணயங்களின் கூறுவெளி தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற நான்கும்தான். மூன்று நாணயங்களுக்கு அந்த நான்கின் பின்னும் ஒரு நேர் சேர்த்தால் காய்ச்சீர் நான்கு, ஒரு நிரை சேர்த்தால் கனிச்சீர் நான்கு, ஆக எட்டு. ஒவ்வொரு நாணயம் கூடும்போதும் பட்டியல் இரட்டிப்பாகும் என்பதும், ஒன்றும் விடுபடாமல் எழுதுவது எப்படி என்பதும் இதிலேயே அடங்கியிருக்கின்றன. (பாடல்களில் இச்சீர்கள் சம அளவில் பயில்வதில்லை, இங்கே நாம் எடுத்துக்கொள்வது எண்ணும் முறையை மட்டுமே.)

மூன்று நாணயங்களில் சரியாக இரண்டு தலை விழுவது என்றால் இரண்டு நேரும் ஒரு நிரையும் உள்ள சீர்களை எண்ண வேண்டும். நிரை முதலில் நின்றால் புளிமாங்காய், நடுவில் நின்றால் கூவிளங்காய், இறுதியில் நின்றால் தேமாங்கனி. வேறு இல்லை. ஆகவே 3/8. "குறைந்தபட்சம் இரண்டு" என்றால் இரண்டு அல்லது அதற்கு மேல். மேற்சொன்ன மூன்றுடன் மூன்றும் நேராகிய தேமாங்காயும் சேரும். 4/8, அதாவது 1/2. "அதிகபட்சம் இரண்டு" என்றால் இரண்டு, ஒன்று, பூச்சியம் ஆகிய மூன்றும் அடங்கும். மூன்று தலை விழும் தேமாங்காய் ஒன்றைத் தவிர எல்லாமே அதில் சேர்வதால் 7/8. பூச்சியம் தலையை விட்டுவிடுவதுதான் மாணவர்கள் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் இடம்.

கடைசியாகச் செய்ததுபோல், வேண்டாததை எண்ணி ஒன்றிலிருந்து கழிப்பது பெரிய கணக்குகளில் பேருதவி. பத்து முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழுவதற்கான வாய்ப்பைக் கேட்டால் 1,024 முடிவுகளை எழுத வேண்டியதில்லை. பத்தும் பூவாக விழுவது ஒரே ஒரு முடிவு, அதன் நிகழ்தகவு 1/1,024, எஞ்சியது 1,023/1,024.

கேள்வி: நான் கணித ஆசிரியை. என் வகுப்பில் 40 மாணவர்களையும் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொன்னேன். நிகழ்தகவு 1/2 என்பதால் பெரும்பாலோருக்கு ஐந்து தலை, ஐந்து பூ கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்பது பேருக்கே அவ்வாறு கிடைத்தது. இருவர் எட்டுத் தலை என்று காட்டினார்கள். ஒழுங்காகச் சுண்டவில்லை என்று கருதி மீண்டும் சுண்டச் சொன்னேன். எங்கே பிழை? (விருத்தாசலம்)

பதில்: மாணவர்களிடம் பிழை இல்லை. அந்த இருவரின் முதல் முடிவையே ஏற்றுக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்புக்கு ஒவ்வாத முடிவை நீக்கிவிட்டு மறுபடி சுண்டச் சொன்னால், சோதனை தன் பயனை இழந்துவிடுகிறது.

பத்து முறையில் சரியாக ஐந்து தலை விழும் வகைகள் எத்தனை என்று பார்ப்போம். பத்து இடங்களிலிருந்து தலைக்குரிய ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் அவை. 10, 9, 8, 7, 6 ஆகியவற்றைப் பெருக்கினால் 30,240. அதை 5, 4, 3, 2, 1 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 120-ஆல் வகுத்தால் 252. மொத்த முடிவுகள் 1,024. எனவே ஐந்துக்கு ஐந்து என்று அமைவதற்கான நிகழ்தகவு 252/1,024, ஏறக்குறைய 24.6 சதவீதம். நாற்பது மாணவர்களில் சராசரியாகப் பத்துப் பேருக்கு இது அமையும். உங்களுக்குக் கிடைத்த ஒன்பது, கணக்கோடு மிக நன்றாகவே ஒத்துப்போகிறது. ஐந்து தலை என்பது மற்ற எந்த எண்ணிக்கையையும்விட அதிக வாய்ப்பு உடையது என்பது உண்மை. ஆனால் மற்றவை அனைத்தும் சேர்ந்து அதைவிட மிகப் பெரியவை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் 672/1,024, அதாவது சுமார் 65.6 சதவீதம், நீங்கள் எதிர்பார்த்த "பெரும்பாலோர்" இங்கேதான் இருக்கிறார்கள்.

எட்டு அல்லது அதற்கு மேல் தலை விழும் வகைகள் 45, 10, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 56. அதாவது ஒரு மாணவருக்குச் சுமார் 5.5 சதவீதம்; நாற்பது பேரில் சராசரியாக இருவர்! முந்தைய பதிலில் சொன்ன கழித்தல் முறையைக் கையாண்டு, ஒருவருக்குக்கூட அப்படி விழாமல் போவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ பத்தில் ஒன்று. அப்படி ஒரு மாணவரும் இல்லாத வகுப்புதான் அரிது.

45, 120, 210, 252 என்ற இந்த எண்கள் பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரிசையில் இருப்பவை; ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் எண் அடுக்கு அது. இந்த முக்கோணத்தையும் உங்கள் மாணவர்களுக்கு யாப்பின் வழியாகவே அறிமுகப்படுத்தலாம். குறில், நெடில் போன்ற இரண்டு அளவுகளைக் கொண்டு எத்தனை சந்தங்கள் அமைக்கலாம், அவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இலகு (குறில் அளவு) உள்ளவை எத்தனை என்ற வடமொழி யாப்புக் கணக்கிலிருந்து பிறந்ததுதான், இதே முக்கோணமாகிய மேரு பிரஸ்தாரம். பிங்கலரின் சந்த சூத்திரங்களுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் அதை விரித்து விளக்குகிறார். பாஸ்கல் வாழ்ந்தது 17-ஆம் நூற்றாண்டு. நம் மாணவர்கள் இதை அறியாமலேயே பள்ளியை விட்டு வெளியேறுவது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

கேள்வி: 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலிருந்து 2025 மார்ச்சில் துபாயில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டி வரை, ஒரு நாள் போட்டிகளில் இந்திய அணி தொடர்ச்சியாக 15 முறை டாஸில் தோற்றது. இதன் நிகழ்தகவு என்ன? இத்தனை முறை தோற்ற பிறகு, அடுத்த முறை வெல்லும் வாய்ப்பு கூடியிருக்க வேண்டும் அல்லவா? (திருநெல்வேலி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கூடுவதில்லை. பதினாறாவது டாஸிலும் வாய்ப்பு 1/2 மட்டுமே. முன்பு விழுந்தவை எவை என்பதை நாணயம் அறியாது. ஒரு முறையின் முடிவு அடுத்ததைத் தொடாது என்பதையே சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். நிகழ்தகவுகளைப் பெருக்கிக்கொண்டே போக நமக்கு உரிமை தருவதும் அந்தப் பண்புதான். தொடர்ந்து 15 முறை தோற்பதற்கான வாய்ப்பு, 1/2-ஐப் பதினைந்து முறை பெருக்கக் கிடைக்கும் 1/32,768.

ஆனால் இந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதைக் கவனிக்க வேண்டும். உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் ஒருவர், "நாளை தொடங்கி 15 முறை தொடர்ந்து தோற்போம்" என்று சொல்லியிருந்தால், அது பலிப்பதற்கான வாய்ப்பு 1/32,768. அப்படி யாரும் சொல்லவில்லை. நடந்து முடிந்த பிறகு, நீண்டதாக இருந்ததால் நம் கண்ணில் பட்டது. இந்திய அணி தன் ஆயிரமாவது ஒரு நாள் போட்டியை 2022-இல் ஆடியது. ஆயிரம் டாஸ்களில் எங்கேனும் ஓரிடத்தில் 15 தோல்விகள் தொடர்ச்சியாக வருவதற்கான வாய்ப்பு என்ன என்று கேட்பதே பொருத்தம். ஒரு புதிய தோல்வித் தொடர் தொடங்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு வெற்றி இருக்க வேண்டும். அந்த வெற்றிக்கு 1/2, பின்வரும் பதினைந்துக்கு 1/32,768, இரண்டையும் பெருக்கினால் 1/65,536. அத்தகைய தொடர் தொடங்கக்கூடிய இடங்கள் ஏறக்குறைய 985. ஆக மொத்த வாய்ப்பு சுமார் 1.5 சதவீதம். இது சிறியதுதான், எனினும் முப்பத்திரண்டாயிரத்தில் ஒன்று என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிக அதிகம். இதுபோல நீண்ட காலம் ஆடிவரும் மற்ற அணிகளையும் கணக்கில் கொண்டால், ஏதேனும் ஓர் அணிக்கு இப்படி நேர்வதற்கான வாய்ப்பு மேலும் உயரும்.

"தோல்விகள் மிகுந்துவிட்டால் வெற்றிகள் வந்து ஈடுகட்டத்தானே வேண்டும், இல்லையென்றால் பாதிக்குப் பாதி எப்படி வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறை முகாமில் வைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச், அங்கே ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிக் குறித்து வைத்தார். முதல் நூறு முறையில் தலை விழுந்தது 44. பாதியிலிருந்து 6 குறைவு. பத்தாயிரம் முறை முடிந்தபோது தலை 5,067; பாதியிலிருந்து 67 அதிகம். எண்ணிக்கையில் உள்ள விலகல் 6-லிருந்து 67-ஆகப் பெருகியிருக்கிறது; ஆனால் சதவீதமோ 44-லிருந்து 50.67-ஆக, பாதியை நெருங்கியிருக்கிறது. பழைய விலகலை யாரும் வந்து ஈடுகட்டவில்லை. சுண்டிய எண்ணிக்கை பெருகப் பெருக அந்த விலகல் அதற்கு முன் சிறுத்துப்போகிறது, அவ்வளவே. சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர்கள் "இனி நமக்கு வர வேண்டிய முறை" என்று மேலும் பணம் வைப்பது இந்த வேறுபாட்டை அறியாததால்தான். இதை வகுப்பில் மட்டும் சொன்னால் போதாது, வீட்டிலும் சொல்ல வேண்டும்.

கேள்வி: இரண்டு நாணயங்களில் ஒன்று தலை என்று தெரிந்தால், மற்றதும் தலையாக இருப்பதற்கான வாய்ப்பு 1/2-ஆ, 1/3-ஆ? இரண்டு விடைகளையும் பார்த்திருக்கிறேன். (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: "முதல் நாணயம் தலை" என்று தெரிந்தால் 1/2; "இரண்டில் ஒன்றேனும் தலை" என்று மட்டும் தெரிந்தால் 1/3. முதல் நிலையில் எஞ்சியிருப்பவை இரண்டு முடிவுகள். இரண்டாம் நிலையில், நான்கிலிருந்து இரண்டும் பூ என்பது மட்டுமே நீங்குவதால், எஞ்சியிருப்பவை மூன்று. நீங்கள் இரண்டு விடைகளைப் பார்த்ததற்குக் காரணம், கேள்வியில் எந்தத் தகவல் தரப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகச் சொல்லப்படாததே.

கேள்வி: எங்கள் ஊர்க் கபடிப் போட்டிகளில் டாஸ் போடும் நாணயம் சற்று வளைந்திருக்கிறது. அது ஒரு பக்கமாகவே விழுகிறது என்று இரு தரப்பும் சண்டையிடுகின்றன. உண்மையான நாணயம் எதுவாயினும் சரிபாதி வாய்ப்பு உடையதுதானா? (போட்டி நடத்துநர், ஒட்டன்சத்திரம்)

பதில்: முழுமையாகச் சரிபாதி என்பது கணக்கில் நாம் வைத்துக்கொள்ளும் கொள்கை. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை நாணயம் சுண்டினார்கள். சுண்டும் முன் மேல்பக்கம் இருந்ததே விழுந்த பின்னும் மேலே இருந்தது 50.8 சதவீதம். சுண்டும் நாணயம் எப்போதும் ஒரே அச்சில் சுழலாமல் சற்றே தள்ளாடுவதால் இப்படி நேரும் என்றும், இந்த அளவு சுமார் 51 சதவீதமாக இருக்கும் என்றும் பெர்சி டயகோனிசும் உடன் ஆய்வாளர்களும் 2007-இலேயே எழுதியிருந்தார்கள். எனவே, நாணயத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் காட்டாமல் சுண்டுவதும், சுண்டிய பிறகு காற்றில் இருக்கும்போதே கேட்கச் செய்வதும் நல்லது.

வளைந்த நாணயத்தையே நேர்மையாகப் பயன்படுத்தவும் ஒரு வழி உண்டு. ஜான் வான் நியூமன் 1951-இல் சொன்னது அது. ஒவ்வொரு டாஸுக்கும் நாணயத்தை இரண்டு முறை சுண்டுங்கள். முதலில் தலையும் பின்னர் பூவும் விழுந்தால் ஓர் அணிக்கு வெற்றி. முதலில் பூவும் பின்னர் தலையும் விழுந்தால் மற்ற அணிக்கு. இரண்டு முறையும் ஒரே பக்கம் விழுந்தால் அதை விட்டுவிட்டு மீண்டும் இரண்டு முறை சுண்டுங்கள். தலை விழும் வாய்ப்பு 0.6, பூ விழும் வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொண்டால், தலை–பூ வருவது 0.6-ஐ 0.4-ஆல் பெருக்க 0.24, பூ–தலை வருவது 0.4-ஐ 0.6-ஆல் பெருக்க அதே 0.24. நாணயம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒரே நாணயத்தை ஒரே விதமாகச் சுண்டும் வரை, இந்த இரண்டு பெருக்கற்பலன்களும் சமமாகவே இருக்கும். மேற்சொன்ன நாணயத்துக்கு ஒரு முடிவு கிடைக்கச் சராசரியாக நான்கு முறைக்குச் சற்று மேல் சுண்ட வேண்டியிருக்கும். போட்டி தொடங்கும் முன் இரு அணித் தலைவர்களையும் அழைத்து விதியைச் சொல்லிவிட்டால் போதும்.